பூநாரையைக் கிளப்பாதீங்க சாமி!

தை அமாவாசை தொடங்கி மாசி சிவராத்திரி வரை போடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வேன் கட்டுவது வழக்கம்தான். தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, அப்படியே தனுஷ்கோடி. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்துவிட்டதால் வண்டி நேரா கடல்முனைக்கே போகிறது. வழியில் ஆழமில்லாத உப்புத்தண்ணீரில் வெள்ளையாக ஒரு கூட்டம் நிற்கும். "டேய், பிளமிங்கோடா!" அவ்வளவுதான்... செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி ஓட ஆரம்பித்துவிடுவார்கள். சும்மா நிற்கிற பறவையைப் படம் பிடித்தால் நல்லா இருக்காதாம். எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, இறக்கையின் சிவப்பும் கறுப்பும் தெரிய வேண்டுமாம்!

கேட்டால், "கல்லா எறிஞ்சோம்? போட்டோதானே எடுத்தோம்" என்று பதில் வரும். அந்த போட்டோவுக்கான செலவு பறவையின் வயிற்றிலிருந்து போகிறது. பூநாரை அலகைத் தலைகீழாக வைத்து, சேற்றுத்தண்ணீரை வடிகட்டித் துளித்துளியாகச் சாப்பிடுகிற ஜென்மம். அதற்குப் பக்கத்திலேயே கொசு உள்ளான் என்று ஒரு பொடிசு திரியும். எடை 20, 30 கிராம், ஒரு கைப்பிடி ஏலக்காய் அளவுதான். அது முட்டையிடப் போவது வடதுருவத்தை ஒட்டிய பனிச்சமவெளிக்கு. அவ்வளவு தூரம் பறக்க வேண்டிய கொழுப்பை உடம்பில் ஏற்றுவது குளிர்காலம் முடிகிற இந்த வாரங்களில்தான். ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் தின்றது கரைகிறது, தின்கிற நேரமும் போகிறது. ஒரு வேன் போனால் அடுத்த வேன்...

"மீனவர்கள் தினமும் நடக்கலையா?" என்பது அடுத்த கேள்வி. நடக்கிறார்கள், வலையைப் பார்த்து. பறவையைப் பார்த்து யாரும் ஓடுவதில்லை. இந்த வித்தியாசம் பறவைக்கு நன்றாகவே தெரியும்.

2025 ஜூனில் தமிழக அரசு அங்கே சுமார் 524 ஹெக்டேரைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் போர்டு வைத்தால் கால் நின்றுவிடுமா?

மலையடிவாரத்துக்காரனுக்குக் கடலோரத்துச் சேற்றைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். கொட்டகுடி ஆறு வைகையில் சேர்கிறது. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிச்சமிருந்தால் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் அதே பாக் கடலில்தான் விழுகிறது. அதை விடுங்கள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வெளியூர்க்காரன் ஒருத்தன் செல்பி எடுக்க நுழைந்து, தரையோடு கிடக்கிற சரத்தை மிதித்தால் தோட்டக்காரர் சும்மா விடுவாரா? "காயா பறிச்சேன், போட்டோதானே எடுத்தேன்" என்றால் ஒத்துக்கொள்வாரா?

பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேனை ஓரமாக நிறுத்தி, பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே உட்காருங்கள். வண்டிக்கு அவ்வளவாக மிரளாத பறவை, நடந்து வரும் ஆளுக்கு மிரளும். ஓசியிலாவது ஒரு பைனாகுலர் வாங்கி வந்தால் கால்மணி நேரத்தில் அது காலால் சேற்றைக் கலக்கிக் கலக்கி மேய்வது தெரியும். ரீல்ஸில் அது ஓடாதுதான். ஓடாவிட்டால் போகட்டுமே!