தாயின் குற்றவுணர்வே முதலீடு

ஆட்டிசத்தை முற்றிலும் குணப்படுத்தித் தருவதாக விளம்பரம் செய்யும் மையங்கள் மீது அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். அதற்குத் தேவையான சட்டங்களில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆனால் படித்த பெற்றோர்கூட இந்த விளம்பரங்களில் ஏன் மயங்குகிறார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை என்றால், நம் வீடுகளில் முதலில் கிடைப்பது ஆறுதல். "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசுவான், அவங்கப்பனே நாலு வயசுலதான் பேசினான்." தலையீட்டுக்கு உகந்த காலம் அந்த ஆறுதலில் கரைகிறது. பிறகு அதே வாய்கள் குற்றம் சாட்டுகின்றன: செல்போனைக் கொடுத்துக் கெடுத்தாள், வேலைக்குப் போனாள், மாசமாக இருந்தபோது அழுதுகொண்டே இருந்தாள். இந்தப் பட்டியலில் தகப்பன் பெயர் அநேகமாக வருவதில்லை.

இதே பழியை மேலைநாட்டு மருத்துவமும் ஒரு காலத்தில் சுமத்தியது. 1943-ல் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்தை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த லியோ கேனர், பெற்றோரின் பாசக்குறைவையும் சுட்டிக்காட்டி எழுதியவர். புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967-ல் அதை ஒரு முழுப் புத்தகமாகவே ஆக்கினார். கேனர் 1969-ல் பெற்றோர் கூடியிருந்த அரங்கிலேயே, அவர்கள்மீது குற்றமில்லை என்று அறிவித்தார். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கருமுட்டைகளிலிருந்து பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரு வகையிலும் ஒவ்வொரு ஜோடியையும் வளர்த்த தாய் ஒருத்திதான், வீடும் ஒன்றுதான். மரபணுவின் பங்கு அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் மேலும் உறுதிப்பட்டது.

தடுப்பூசிமீது போட்ட பழியும் நிற்கவில்லை. 12 குழந்தைகளை வைத்து 1998-ல் வெளியான கட்டுரையை 'லான்செட்' இதழ் 2010-ல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளிவந்த ஆய்வும் எந்தத் தொடர்பையும் காணவில்லை.

இப்போது பழைய பழிக்குப் புதுப்பெயர், 'விர்ச்சுவல் ஆட்டிசம்'. செல்போனால் வந்தது, எங்களிடம் வந்தால் போய்விடும் என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அப்படி ஒரு பெயரே கிடையாது. திரை நேரத்தைக் குறைப்பது எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான்; அதற்காக ஆட்டிசத்துக்குத் திரையே காரணம் என்று ஆகிவிடாது. தன்னால்தான் வந்தது என்று நம்பவைக்கப்பட்ட தாய், பரிகாரம் என்று எதை நீட்டினாலும் வாங்குவாள். நகையை அடகு வைத்தாவது வாங்குவாள்.

அப்படி நீட்டப்படுவதில் விலை உயர்ந்தது 'ஸ்டெம் செல்' சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் மஜ்ஜையை எடுத்து, பிரித்த செல்களை முதுகுத்தண்டு வழியாக ஏற்றுகிறார்கள். கட்டணம் லட்சங்களில். ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்றும், இதை விளம்பரப்படுத்துவது தொழில்முறை ஒழுக்கக்கேடு என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி மற்றும் மருத்துவப் பதிவு வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. குழந்தை தேறியதே என்று சிலர் கேட்கலாம். வயது ஏற ஏற, பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிப் பயிற்சியும் நடக்க நடக்க, பல குழந்தைகள் முன்னேறத்தான் செய்கிறார்கள். ஊசி போட்ட மாதத்தில் பேச்சு வந்தால் பெயர் ஊசிக்குப் போகிறது.

சட்டத்தில் ஓட்டை எங்கே என்றும் பார்ப்போம். மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் மூளைக் கோளாறுகள் என்று பொதுவாகத்தான் இருக்கிறது, ஆட்டிசம் என்ற பெயர் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே ஆட்டிசத்தை 21 வகை இயலாமைகளில் ஒன்றாக ஏற்றுவிட்டது. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. 1954 பட்டியலிலும் ஆட்டிசத்தின் பெயரை ஒன்றிய அரசு ஏற்ற வேண்டும்.

மாநில அரசு இன்றைக்கே தொடங்கக்கூடியவை இரண்டு. பதிவு பெறாதவர்கள் மறுவாழ்வுப் பணி செய்வது இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி குற்றம் என்பதால், தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் தெரபி மையங்களில் யாருக்கெல்லாம் பதிவு இருக்கிறது என்று சோதித்து, பதிவு எண்ணை வாசலில் எழுதிவைக்கச் செய்ய வேண்டும். தடுப்பூசிக்கு ஒன்றரை வயதில் வரும் குழந்தையை அங்கேயே பெற்றோரிடம் சில எளிய கேள்விகள் கேட்டுப் பரிசோதித்து, சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மையங்களில் பேச்சுப் பயிற்சியாளர் பணியிடங்கள் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்வதும் அரசின் வேலை.