கைதட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது

பூனையைச் சோதனை மேசையில் நிறுத்தி, பின்னால் நின்று கைதட்டி, திரும்பினால் காது கேட்கிறது, திரும்பாவிட்டால் செவிடு என்று முடிவு செய்யும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். கைதட்டும்போது கிளம்பும் காற்று மீசைமயிரில் படுகிறது. மேசையின் அதிர்வு பாதங்களுக்கு எட்டுகிறது. கையின் அசைவு கண்ணோரத்தில் தெரிகிறது. முழுச் செவிடான பூனையும் திரும்பிவிடும். இதற்கு நேர்மாறாக, கூடையில் அடைபட்டு, நாய் குரைக்கும் கூடத்தில் காத்திருந்து உள்ளே வரும் பூனை பயத்தில் ஒடுங்கிப்போய், நன்றாகக் கேட்கும் காதோடு அசையாமல் கிடக்கும்.

கேட்கிறதா என்பதை வீட்டில்தான் பார்க்க வேண்டும். பூனை அசந்து தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல், அடுத்த அறையிலிருந்து அதற்குப் பழக்கமான ஒலியை எழுப்பும்படி உரிமையாளரிடம் சொல்லுங்கள்: தீனி டப்பாவைக் குலுக்கலாம், ஃபிரிட்ஜைத் திறக்கலாம். தலை திரும்ப வேண்டியதில்லை, செவிமடல் லேசாகத் துடித்தாலே போதும். மனிதர்களுக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் கேள்வி, பூனைக்கு ஏறத்தாழ 85 வரை நீள்கிறது. அதனால் பாத்திரம் தட்டுவதோடு நிறுத்தாமல் சாவிக்கொத்து, கசங்கும் பிளாஸ்டிக் பை என்று கீச்சொலிகளையும் சேர்க்க வேண்டும். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் பூனை சட்டை செய்யாது. அதைச் செவிடு என்று எண்ணிவிடக் கூடாது. நடப்பதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வரட்டும். போன தீபாவளிக்குக் கட்டிலடியில் பதுங்கிய பூனை இந்த ஆண்டு சரவெடிக்கு நடுவே தூங்கியதா என்றும் கேளுங்கள். அந்த ஒரு பதில் நம் மேசையில் தெரிவதைவிட அதிகம் சொல்லும்.

ஒரு காது மட்டும் கேளாத பூனையை இவை எதுவும் காட்டிக்கொடுக்காது. ஒலி வரும் திசை பிடிபடாமல் கொஞ்சம் தடுமாறும். அதையும் விரைவில் பழகிக்கொள்ளும். உறுதி வேண்டுமானால் ‘பெரா’ சோதனைதான். ஒவ்வொரு காதிலும் தனித்தனியே கிளிக் ஒலியைச் செலுத்தி, தோலடியில் செருகிய ஊசி மின்முனைகள் வழியாக, முதல் 10 மில்லிசெகண்டுக்குள் செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் அலைகளைப் பதிவு செய்கிறோம். கேளாத காதுக்கு வரைவு தட்டையாக இருக்கும். பச்சிளம் குழந்தைகளுக்குச் செய்யும் அதே சோதனை; பூனையை மயக்கிச் செய்தாலும் பதிவு கெடாது. நம் போதனை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இது இருந்தாக வேண்டும் என்று இந்த இதழ் கோருகிறது.

வெள்ளைப் பாரசீகக் குட்டிகள் விலைக்கு விற்கப்படும் இந்நாளில் இந்தக் கோரிக்கை அவசரமானது. இரு கண்ணும் நீலமான முழுவெள்ளைப் பூனைகளில் 65 முதல் 85 விழுக்காடும், ஒரு கண் நீலமானவற்றில் சுமார் 40 விழுக்காடும் ஒரு காதிலோ இரண்டிலுமோ செவிடு. பிறந்த சில வாரங்களிலேயே உட்செவி சிதைந்துவிடுகிறது, மருந்து கிடையாது. சியாமியப் பூனையின் நீலக்கண் வேறு மரபணுவால் வருவது, அதற்கு இந்த ஆபத்து இல்லை. ஒற்றைக் காது செவிடான வெள்ளைப் பூனை எல்லார் கண்ணுக்கும் நலமாகத் தெரியும். சோதிக்காமல் அதை இனப்பெருக்கத்துக்கு விட்டால் குறை அடுத்த ஈற்றுக்கும் போகிறது.

முன்பு கேட்டுக்கொண்டிருந்த பூனைக்குக் கேட்காமல் போனால் கதை வேறு. உண்ணிச்சிலந்தி அழுக்கு, நடுச்செவிச் சீழ், நடுச்செவிப் பாலிப் ஆகியவை ஒலியை வழிமறிப்பவை. சரிசெய்தால் கேள்வி திரும்பக்கூடும். காதுக்குள் பார்க்காமல் சொட்டு மருந்து எழுதுவதுதான் அஞ்சத்தக்கது. செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின், நியோமைசின், குளோர்ஹெக்சிடின் எல்லாம் உட்செவிக்கு நஞ்சாகக்கூடும். கிழப்பூனை இரவில் உரத்துக் கத்தினால் காதோடு இரத்த அழுத்தத்தையும் தைராய்டையும் பாருங்கள்.

மயக்கமளித்துப் பல்லோ காதோ சுத்தம் செய்தபின், அரிதாக, பூனைகள் கேள்வியை இழந்திருக்கின்றன. வயதான பூனைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. உரிமையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பூனைக்கு அதுவரை காது கேட்டதா, எப்படி அறிந்தோம் என்பதையும் அன்றே நோய்க்குறிப்பில் எழுதிவையுங்கள்.