பெரிய திரைக்குப் பெரிய கணினி எதற்கு?

காளையார்கோவில் பக்கம் கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி கட்டுகிறவர்களானாலும், காரைக்குடியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளானாலும் பேச்சு ஒன்றுதான்: ஏழு அங்குலக் கலர் திரை வேண்டுமென்றால் ராஸ்பெர்ரி பை அல்லது ஆண்ட்ராய்டு போர்டு போட்டே ஆகவேண்டும், அதில் தமிழும் தெரியவேண்டுமென்றால் வேறு வழியே கிடையாது. இரண்டுமே தவறு.

சிறிய மைக்ரோகண்ட்ரோலரில் மெமரி போதாது என்பது முதல் வாதம். 800க்கு 480 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு படத்துக்கு 7,68,000 பைட். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் ரேம் வெறும் 2 கேபி. கணக்கு சரிதான். ஆனால் அந்தப் படத்தை ஊனோ ஏன் சுமக்கவேண்டும்? திரையை இயக்கும் ஆர்ஏ8875 என்ற கண்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே 768 கேபி மெமரி இருக்கிறது. எஃப்டிடிஐ நிறுவனம் உருவாக்கிய எஃப்டி812 இன்னும் ஒரு படி மேலே: முழுப் படத்தையும் அது எங்கும் சேமிப்பதே இல்லை. 'இங்கே வட்டம், அங்கே எழுத்து' என்று நாம் தரும் கட்டளைப் பட்டியலைப் பார்த்து, வரிவரியாக அப்போதைக்கப்போது வரைந்து திரைக்கு அனுப்பிவிடுகிறது. பட்டியலுக்கு 8 கேபி இடம். 2048 கட்டளைகள் வரை எழுதலாம்.

வேகம் போதாது என்பதும் இதிலேயே அடிபடுகிறது. ஊனோவின் எஸ்பிஐ கம்பியில் நொடிக்கு 10 லட்சம் பைட்தான் போகும். படத்தையே அனுப்பினால் ஒன்றுக்கு முக்கால் நொடி ஆகும். கட்டளைகளை அனுப்பினால் வோல்ட்டேஜ், ஆம்பியர், முள் ஓடும் மீட்டர் எல்லாம் சில நூறு பைட்டில் அடங்கிவிடும்.

தமிழ் வராது என்பதைத்தான் ஏற்கவே முடியாது. 247 எழுத்துக்கு 247 வடிவம் தேவையில்லை. உயிரும் ஆய்தமும் 13. மெய், அகர, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் ஆறும் சேர்த்து 108. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி 4. ஆகமொத்தம் 125. எஃப்டி812இல் ஒரு ஃபான்ட்டுக்கு 128 இடங்கள் உண்டு. கிரந்த எழுத்துகளுக்கு இரண்டாவது ஃபான்ட் போட்டுக்கொள்ளலாம். 48க்கு 32 புள்ளி அளவில், ஓரங்கள் மழமழவென்று தெரிய, புள்ளிக்கு 4 பிட் கொடுத்தாலும் 96,000 பைட்தான் ஆகும். சிப்பில் இருப்பதோ 1 எம்பி. ஊனோவின் 32 கேபி ஃபிளாஷில் ஃபான்ட் அடங்காது என்பது உண்மை. பக்கத்தில் ஒரு சிறு ஃபிளாஷ் சிப் வைத்தால் தீர்ந்தது. 'கொ' வந்தால் கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைக்கச் சில வரி நிரல் போதும்.

வீடியோ, கேமரா, இணையப் பக்கம் வேண்டுமென்றால் ராஸ்பெர்ரி பை போன்ற லினக்ஸ் போர்டு வாங்குங்கள். அங்கே அதுதான் சரி. மோட்டார் கொட்டகைக்கு அது பொருந்தாது. கரண்ட் திடீரென்று போய்ப்போய் வரும் இடத்தில் மெமரி கார்டு கெடும். கரண்ட் வந்த பிறகும் லினக்ஸ் எழுந்திருக்கும் வரை காத்திருக்கவேண்டும். சிறிய சிப்போ உடனே வேலைக்கு வந்துவிடும்.

காரைக்குடி அழகப்பா கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ப்ராஜெக்டில் இந்த 125 வடிவங்களையும் ஃபான்ட்டாகச் செய்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இலவசமாக வெளியிடுங்கள்.