குறை பிள்ளையின் காதில் இல்லை



இசை ஆகுமா ஆகாதா என்ற பேச்சை இங்கே இழுக்க வேண்டாம். அது உலமாக்களின் வேலை. பிள்ளைக்கு ஏற்கனவே எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுத்தவர்களுக்கே இது.

எடுப்பாக இருக்கிறதென்று ஃபுளோய்ட் ரோஸ் மாதிரி மிதக்கும் பிரிட்ஜ் உள்ளதை வாங்கிவிடுகிறோம். பிள்ளை ஒரு கம்பியைக் கூட்டினால் மற்ற ஐந்தும் இறங்குகின்றன. உடனே "உனக்குச் சுருதி பிடிபடாது" என்கிறோம். அநியாயம்!

அந்த பிரிட்ஜ் ஒரு தராசு. ஒரு பக்கம் ஆறு கம்பிகள் இழுக்க, பின்மூடிக்குள் ஸ்பிரிங்குகள் எதிராக இழுக்கின்றன. ஒரு கம்பி இறுகினால் பிரிட்ஜ் சாயும், மற்றவை தளரும். ஆகவே நட் பூட்டைத் திறந்து, ஆறையும் மூன்று நாலு சுற்றுத் திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டும். பிறகும் பிரிட்ஜ் முன்னுக்குச் சாய்ந்து நின்றால், பின்னால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று இறுக்கி மறுபடி கூட்ட வேண்டும். பிரிட்ஜ் மட்டமாக நின்ற பிறகே பூட்டை இறுக்கலாம். கம்பி மாற்றுவதும் ஒவ்வொன்றாகத்தான். தடிப்பான கம்பி போட்டால் எல்லாம் முதலிலிருந்து.

1970களின் கடைசியில் ஃபுளோய்ட் ரோஸ் என்பவர் இதைச் செய்தது, கைபிடியை முரட்டுத்தனமாக ஆட்டினாலும் சுருதி கெடாமலிருக்கத்தான். முதல் பாடம் படிக்கும் பிள்ளைக்கு அது எதற்கு? அசையாத பிரிட்ஜ் உள்ளதே போதும் என்பது எங்கள் கருத்து.

வாங்கியாயிற்றா? பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் உலோகக் கட்டையின் இருபுறமும் அளவாக வெட்டிய மரத்துண்டுகளை இறுக்கிச் செருகுங்கள். பிரிட்ஜ் அசையாது. ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதியில் நிற்கும். துண்டுகளை ஊர்த் தச்சரே வெட்டித் தருவார்.