அஞ்சு அறை சொல்லும் பாடம்

ரிவால்வர்னா ஆறு குண்டுன்னுதானே நினைப்பீங்க? அமெரிக்காவின் வயோமிங்கில் ஜான் லைன்பா, ருகர் ஃபேக்டரி ஃப்ரேமை எடுத்து, அதில் அஞ்சு அறை சிலிண்டரைப் பொருத்தினார். ஏன் அஞ்சு? ஒரு அறை குறைஞ்சா, நடுவில் இருக்கும் சுவர் தடிமனாகும். அரை அங்குல குண்டின் அழுத்தத்தைத் தாங்கும்.

2003-இல் ஸ்மித் அண்ட் வெஸன், அதுக்குன்னே பெரிய ஃப்ரேம் செஞ்சு .500 மேக்னம் ரிவால்வரை இறக்கியது. அதுவும் அஞ்சுதான்!

அதனால் "கஸ்டம்தான் கெத்து, ஃபேக்டரி வேஸ்ட்"னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். கஸ்டம் வழி காட்டுது. ஆயிரமாவது பீஸையும் முதல் பீஸ் மாதிரியே வர வைக்கிறது ஃபேக்டரி. அதுவும் இன்ஜினியரிங்தான்.

நம்ம ப்ராஜெக்டில் ஒரு பீஸ் ஓடினதுமே கை தட்டுறோம். ரெண்டாவது பீஸ் ஓடுமா?