பெட்டியை மாற்றுமுன்

வன்மையும் வேகமும் ஒருங்கே கிட்டா என்பது யந்திர நூலின் முதற் பாடம். அதனை மறந்து பணத்தை இழப்போர் பலர்.

சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் வந்தார். “சேர், என் லாண்ட் றோவர் டிபெண்டர் நெடுஞ்சாலையில் அலறுகிறது. டிஸ்கவரி வண்டியின் ட்ரான்ஸ்பர் பெட்டியைப் பூட்டலாமா?” என்று வினவினார்.

கியர்ப் பெட்டியின் சுழற்சியை முன், பின் சில்லுகளுக்குப் பங்கிடுவதே ட்ரான்ஸ்பர் பெட்டி. அதில் உயர் கியர், தாழ் கியர் என இரண்டுண்டு. அவர் கூறிய இரு வண்டிகளிலும் உள்ளது எல்.டி. 230 வகையே, ஆதலின் பொருந்தும். டிபெண்டரின் உயர் கியர் விகிதம் பெரும்பாலும் 1.41, டிஸ்கவரியினது 1.22. ஆகவே, நிமிடத்துக்கு 3000 முறை சுழன்ற எஞ்சின் அதே வேகத்துக்கு 2600 முறையே சுழலும். இரைச்சல் தணியும், ஆனால் இழுவிசையும் நூற்றுக்குப் 13 பங்கு குறையும். தாழ் கியரோ இரண்டிலும் 3.32, சேற்றிலே நட்டமில்லை.

“தம்பி, உமது வண்டி சுமை இழுப்பதா?” என்றேன்.

“ஆம் சேர், மலைப்பாதையில் நாடோறும்.”

“அங்ஙனமாயின் மாற்றாதீர். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளும்.”

மாற்ற விரும்புவோர்க்கு இரு சொற்கள். பிற்கால டிஸ்கவரிப் பெட்டிகள் சிலவற்றில் நடு டிபரென்ஷலைப் பூட்டும் அமைப்பு இல்லை, பார்த்து வாங்குக. மேலும், இவ்வண்டிகளின் கைப் பிறேக் அப்பெட்டியின் பின்புறத்தே உள்ளது. பெட்டியைக் கழற்றினால் பிறேக்கும் போயிற்று. சில்லுகளுக்குக் கட்டை கொடாது வண்டியின் கீழே படுப்பவன் உயிரையே பணயம் வைக்கின்றான்.