மரத்துப்போகும் விரல்களும் பாவுக் கணக்கும்

பாவு வாங்க வந்த அங்கத்தினர் ஒருவர் பதிவேட்டில் கையொப்பமிடப் பேனாவை எடுத்தபோது அது இருமுறை விரலினின்று நழுவியதைக் கண்டோம். விசாரித்ததில், மூன்றாண்டுகளாக வலக்கைப் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போகின்றன என்றும், நள்ளிரவில் எரிச்சலால் விழித்துக் கையை உதறிய பிறகே உறக்கம் வருகிறது என்றும் கூறினார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "சொன்னால் பாவைக் குறைத்துவிடுவீர்களே, ஐயா!" என்றார். அவ்விடை நம்மை நாணச் செய்தது. இதனை எழுத நேர்ந்ததும் அதனாலேயே.

மருத்துவர்கள் இந்நோயைக் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்கின்றனர். மணிக்கட்டின் உட்புறத்தில் குறுகிய வழி ஒன்று உண்டு. அதன் அடியிலும் பக்கங்களிலும் சிற்றெலும்புகள். மேலே கூரைபோல் கெட்டியான பட்டை. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அவ்வழியே செல்கின்றன. நாண்களைச் சூழ்ந்த சவ்வு தடிக்கும்போது எலும்பும் பட்டையும் இடங்கொடா, நரம்புதான் நசுங்குகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது அந்நரம்பே. சுண்டுவிரலுக்குரிய நரம்பு வேறு. ஆகவே சுண்டுவிரல் நன்றாயிருக்க மற்றவை மரத்துப்போவது இந்நோயின் முக்கிய அடையாளமாகும். உறங்கும்போது மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் இரவில் தொல்லை மிகுகிறது.

அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பேலன் 1950களில் பரவச் செய்த எளிய சோதனை ஒன்று உண்டு. இரு புறங்கைகளையும் சேர்த்து, விரல்கள் தரையை நோக்க, மணிக்கட்டுகளை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருத்தல் வேண்டும். அதற்குள் மேற்கூறிய விரல்களில் மரமரப்பு எழுமாயின் மருத்துவரைக் காண்பதே முறை. எழாவிடின் நோயில்லை என்று துணிந்துவிடவும் கூடாது. கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கை மரக்கும். அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை.

இதில் தறியின் பங்கு என்ன? நாடாவை ஓட்டும் கயிற்றுப் பிடியை ஒரு கை நாள் முழுதும் வெட்டி இழுக்கிறது. மறு கை பலகையை அடிக்கிறது. வீட்டில் தார் சுற்றும் பெண்களின் மணிக்கட்டும் ஓய்வதில்லை. பலம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வரும் இந்நோயைச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010ஆம் ஆண்டில் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆயினும் தறியை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. நீரிழிவு, தைராய்டுக் குறை, மூட்டுவாதம், கர்ப்பகாலம் ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். ஆடவரைவிடப் பெண்டிரையே இது அதிகம் பற்றுகிறது. இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நலம்.

நம்மவர்கள் இதனை வாயு என்பர், நரம்புத் தளர்ச்சி என்பர். எண்ணெய் தேய்ப்பதால் பெரிய தீங்கில்லை. மணிக்கட்டைத் துணியால் இறுகக் கட்டிக்கொள்வதுதான் தவறு. ஏற்கெனவே நெருக்குண்ட நரம்பை அது மேலும் நெருக்கும். வேண்டுவது மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராக நிறுத்தும் பட்டைக்கட்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை இரவுதோறும் ஆறு வாரமேனும் அணிந்தால், தொடக்க நிலையில் பலருக்குக் குணம் தெரியும். போதாதவர்க்கு மணிக்கட்டில் ஊசி மருந்து. அதன் பயன் சிலருக்குச் சில மாதங்களே. அதற்கும் கட்டுப்படாவிடின் அந்தக் கூரைப்பட்டையை அறுத்துவிடும் சிறு சஸ்திர சிகிச்சை. கையை மட்டும் மரக்கச் செய்து செய்வார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் பழைய பலத்துடன் தறியில் அமர ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

நம் அங்கத்தினருக்குச் சிகிச்சை நடந்தது. இரவு எரிச்சல் நின்றது. ஆனால் பெருவிரலின் அடியில் இருக்கவேண்டிய சதைமேடு வற்றிப்போயிருந்தது. அது மீண்டும் நிரம்பவில்லை. அறுந்த இழையைத் தொட்டுப் பார்த்துப் பிணைக்கும் நுட்பமும் முழுதும் திரும்பவில்லை. இன்று அவர் சாதா ரகமே நெய்கிறார். முதல் ஆண்டிலேயே வாய் திறந்திருந்தால் ஒருவேளை பட்டைக்கட்டோடு போயிருக்கும்.

அவர் வாயைக் கட்டியது யார்? நாம்தான். குறித்த நாளில் சேலை வராவிடின் அடுத்த பாவு தாமதமாகும் என்பது நம் வழக்கம். வியாபாரக் கணக்கில் அது சரியாகவே தோன்றும். ஆனால் தனி முதலாளியிடமிருந்து விடுபட்டுச் சங்கம் கண்டவர்கள், அதே அச்சத்துடன் சங்கத்தின் வாசலிலும் நிற்பதானால் பங்குத்தொகை கட்டியதன் பயன் யாது?

விவசாய அங்கத்தினர்களும் இதனை அயலார் கதையென்று ஒதுக்க வேண்டாம். கையால் பால் கறப்போர், அரிவாள் பிடிப்போர், அதிரும் பவர் டில்லரை ஓட்டுவோர் யாவர்க்கும் மணிக்கட்டு ஒன்றே.

விரல் மரத்துப்போவதாகத் தெரிவிக்கும் அங்கத்தினரின் பாவைக் குறைப்பதில்லை என்றும், சேலை ஒப்படைக்க அவருக்குத் தவணை நீட்டித் தருவது என்றும், பட்டைக்கட்டின் விலையைப் பொது நல நிதியிலிருந்து வழங்குவது என்றும் நிர்வாகக் குழு தீர்மானிக்க வேண்டும். சிகிச்சைக்குப்பின் தறி நிற்கும் வாரங்களுக்குக் கூலி முன்பணம் தருவது பற்றிக் கருத்து வேற்றுமை இருக்கலாம். அதனை மகாசபையில் பேசித் தீர்த்துக்கொள்வோம். முதல் மூன்றுக்கும் மகாசபை வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே அவற்றைச் சேர்க்கும்படி காரியதரிசியைக் கேட்டுக்கொள்கிறோம்.